நன்னடத்தை விடுவிப்பு, பாதிக்கப்பட்டவரின் பெயர், சிறை விதிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஒரு குற்ற வழக்கில் சிக்கிய குடும்பமும் சரி, அந்தக் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குடும்பமும் சரி, திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பையனை ஜெயிலுக்கு அனுப்பாமல் விட வழி உண்டா? எங்கள் பெண்ணின் பெயர் வெளியே வராமல் இருக்குமா? உள்ளே போனவருக்கு என்ன உரிமை? பெரும்பாலான கேள்விகளுக்குச் சட்டத்தில் நல்ல பதிலே எழுதியிருக்கிறது. ஆனால் கேட்க வேண்டிய நாளில், கேட்க வேண்டிய இடத்தில் யாரும் கேட்காததால் அது காகிதத்திலேயே நின்றுவிடுகிறது. அதனால் ஒவ்வொரு பதிலிலும் எப்போது, யாரிடம் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறேன்.

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும் (பிஎன்எஸ்), குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் (பிஎன்எஸ்எஸ்) வந்துவிட்டன. கீழே பிஎன்எஸ், பிஎன்எஸ்எஸ் என்று குறிப்பிடும் பிரிவு எண்கள் இந்தப் புதிய சட்டங்களுக்கு உரியவை.

நன்னடத்தையின் பேரில் விடுவது என்றால் என்ன? ஜாமீனும் பரோலும் இதுவும் ஒன்றா?

மூன்றும் வேறு. ஜாமீன், வழக்கு நடக்கும்போது கிடைப்பது. ஆள் குற்றவாளியா இல்லையா என்பதே அப்போது முடிவாகியிருக்காது. பரோல், தண்டனை அனுபவித்துக்கொண்டிருப்பவர் சில நாள் வெளியே வந்துவிட்டுத் திரும்பப் போவது. நன்னடத்தை விடுவிப்பில் குற்றம் நிரூபணமாகிவிடுகிறது. ஆனால் நீதிமன்றம் உடனே தண்டனை விதிப்பதில்லை. "இத்தனை காலம் ஒழுங்காக இரு, கூப்பிட்டால் வந்து தண்டனையை ஏற்றுக்கொள்" என்று பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்புகிறது. அந்தக் காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது.

இதற்கான சட்டம் 1958-ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். அது மத்திய சட்டம்தான். ஆனால் அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே சென்னை மாகாணம் 1936-ஆம் ஆண்டுச் சட்டம் என்று தனியாக ஒன்றைக் கொண்டுவந்துவிட்டது. சிறுவர்களுக்கான 1920-ஆம் ஆண்டுச் சட்டம், இளைஞர்களைப் பெரியவர்களோடு சிறையில் அடைக்காமல் தனியே வைக்கும் 1925-ஆம் ஆண்டு பார்ஸ்டல் பள்ளிச் சட்டம் ஆகியவையும் இந்த மாகாணத்தில் பிறந்தவையே. தண்டிப்பதை விடத் திருத்துவது மேல் என்ற எண்ணம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

எந்தக் குற்றங்களுக்குக் கிடைக்கும்?

இரண்டு வகை உண்டு. திருட்டு, ஏமாற்று போன்ற சில குற்றங்களிலும், 2 ஆண்டுக்கு மேல் தண்டனை இல்லாத குற்றங்களிலும், இதற்கு முன் தண்டனை பெறாதவர் என்றால் வெறுமனே கண்டித்து அனுப்பலாம். இது 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு. பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவது 4-ஆம் பிரிவு. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றங்களைத் தவிர மற்றவற்றுக்கு இது பொருந்தும். ஊருக்குள் நடந்த கைகலப்பு, சின்னத் திருட்டு, கோபத்தில் ஒரு அடி என்று நம் கீழமை நீதிமன்றங்களில் குவிந்து கிடக்கும் வழக்குகளில் பெரும்பகுதி இதற்குள் வந்துவிடும்.

கதவு மூடியிருக்கும் இடங்களும் உண்டு. 18 வயதைத் தாண்டியவர், பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் காக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தண்டிக்கப்பட்டால் நன்னடத்தை விடுவிப்பு கிடையாது. போதைப் பொருள் வழக்குகளில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் சொந்தப் பயன்பாடு போன்ற சில சிறு குற்றங்களுக்கும் மட்டுமே உண்டு. லஞ்ச வழக்குகளில் உச்ச நீதிமன்றம் இதற்கு இடம் தரவில்லை.

பையனுக்கு 20 வயது. அவனுக்குத் தனிச் சலுகை ஏதாவது உண்டா?

உண்டு, இந்தச் சட்டத்திலேயே வலுவான பிரிவு அதுதான். ஆயுள் தண்டனைக்கு உரியதல்லாத குற்றத்தில், 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்பதுதான் 6-ஆம் பிரிவின் விதி, அனுப்புவது விதிவிலக்கு. அனுப்பியே ஆக வேண்டும் என்று நீதிபதி நினைத்தால் அதற்கான காரணத்தை எழுத வேண்டும். அதற்கு முன்னால் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கட்டாயம் வரவழைத்துப் பார்க்க வேண்டும்.

வயதை எந்தத் தேதியில் கணக்கிடுவது என்பதில் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். குற்றம் நடந்த நாளில் அல்ல, நீதிமன்றம் தண்டனையை முடிவு செய்யும் நாளில் 21 ஆகாமல் இருக்க வேண்டும் என்று 1963-லேயே உச்ச நீதிமன்றம் ராம்ஜி மிஸார் வழக்கில் சொல்லிவிட்டது. 19 வயதில் நடந்த சண்டைக்கு 23 வயதில் தீர்ப்பு வந்தால் 6-ஆம் பிரிவு உதவாது. 4-ஆம் பிரிவில் கேட்க வேண்டியதுதான். வாய்தா வாங்கி வாங்கி வழக்கை இழுப்பது எப்போதும் நமக்கு நல்லது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதை எப்போது, எப்படிக் கேட்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

வாரண்ட் வழக்குகளிலும் செஷன்ஸ் வழக்குகளிலும் குற்றவாளி என்று தீர்மானித்த பிறகு, தண்டனையைச் சொல்லும் முன், நீதிபதி "தண்டனை பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறாயா?" என்று கேட்பார். கேட்டே ஆக வேண்டும். செஷன்ஸ் வழக்கில் அது பிஎன்எஸ்எஸ் 258-ஆம் பிரிவு. கூண்டில் நிற்பவர் அந்த நேரத்தில் வெலவெலத்துப் போயிருப்பார். "வீட்டுல வயசான அம்மா இருக்காங்க ஐயா, குறைந்த தண்டனை கொடுங்க" என்று கைகூப்புவார். அது அப்படியே பதிவாகும். அடுத்த வரியில் தண்டனை எழுதப்பட்டுவிடும். மொத்தமே 2 நிமிடம்தான்.

அந்த 2 நிமிடத்தில்தான் வக்கீல் எழுந்து, "நன்னடத்தைச் சட்டம் 4-ஆம் பிரிவின் கீழ் பரிசீலிக்க வேண்டும், நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை வரவழைக்க வேண்டும்" என்று சொல்ல வேண்டும். வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் மனுவாகவும் கொடுப்பது நல்லது. நிலையான முகவரி, வேலை அல்லது படிப்பு, முன் தண்டனை இல்லை என்பது, ஜாமீன்தாரர் யார் என்பது எல்லாம் கையில் தயாராக இருக்கட்டும். தீர்ப்புத் தேதிக்கு ஒரு வாரம் முன்பே வக்கீலிடம் இதைப் பற்றிப் பேசிவிடுங்கள். "நிச்சயம் விடுதலைதான்" என்ற நம்பிக்கையில் இதைப் பேசாமல் விடுவதுதான் வழக்கம். பேசுவதால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது.

கேட்காமல் விட்டுப்போனால்? மேல்முறையீட்டு நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும்கூட இந்த உத்தரவைப் போடலாம். 11-ஆம் பிரிவு அதற்கு வழி செய்கிறது. அதோடு, நன்னடத்தையில் விடக்கூடிய வழக்கில் விடாமல் தண்டித்தால் ஏன் விடவில்லை என்ற காரணத்தை நீதிமன்றம் தீர்ப்பில் பதிய வேண்டும் என்று பிஎன்எஸ்எஸ் 402 சொல்கிறது. தீர்ப்பில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அப்பீலுக்கு அதுவே ஒரு காரணம்.

நன்னடத்தை அலுவலர் விசாரிக்க வந்தால் என்ன சொல்ல வேண்டும்?

உண்மையை. அவர் போலீஸ்காரர் இல்லை. தமிழ்நாட்டில் அவர் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறையைச் சேர்ந்தவர். வீட்டில் யார் யார், பையன் என்ன வேலை செய்கிறான், குடி உண்டா, அக்கம்பக்கத்தில் எப்படிப் பேர், அடிபட்டவர் வீடு எவ்வளவு தூரம், திரும்பச் சண்டை வருமா என்று கேட்பார். பக்கத்து வீட்டிலும் விசாரிப்பார். நல்லதாக மட்டும் சொல்லிக் கொடுத்து அக்கம்பக்கத்தாரை ஒப்பிக்க வைக்காதீர்கள். அனுபவப்பட்ட அலுவலருக்கு அது முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். குடிப்பழக்கம் இருந்தால் அதைச் சொல்லி, சிகிச்சைக்குப் போகத் தயார் என்றும் சொல்வது பல மடங்கு மேல்.

அந்த அறிக்கை ரகசியமானது. ஆனால் அதன் சாரத்தை நீதிமன்றம் உங்களுக்குத் தெரிவித்து, தவறு இருந்தால் சாட்சியத்தோடு மறுக்க வாய்ப்புத் தரலாம் என்று 7-ஆம் பிரிவு சொல்கிறது. அதையும் கேட்டுப் பெறுங்கள்.

நிபந்தனையை மீறினால்?

வாரண்டோ சம்மனோ வரும். முதல் மீறல் என்றால் பத்திரத்தை அப்படியே வைத்துக்கொண்டு 50 ரூபாய் வரை அபராதத்தோடு விடலாம். ஆனால் நீதிமன்றம் நினைத்தால் பழைய குற்றத்துக்கான தண்டனையையே விதிக்கலாம். வேலைக்காக வேறு ஊர் போக வேண்டியிருந்தால் போய்விட்டு வந்து சொல்லாமல், முன்கூட்டியே நிபந்தனையை மாற்றச் சொல்லி மனு போடுங்கள்.

அரசு வேலைக்குப் பாதிப்பு வருமா?

தண்டனைத் தீர்ப்பினால் சட்டப்படி வரும் தகுதியிழப்பு இவர்களுக்கு வராது என்கிறது 12-ஆம் பிரிவு. ஆனால் ஏற்கெனவே அரசு வேலையில் இருப்பவர் மீது துறை நடவடிக்கை எடுப்பதை அது தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. தண்டனைதான் நீங்குகிறது, நடந்தது அழியவில்லை. வேலை விண்ணப்பத்தில் வழக்கு இருந்ததா என்று கேட்டால் மறைக்காதீர்கள்.

அடிபட்டவருக்கு இதில் ஒன்றும் இல்லையா?

இருக்கிறது. விடுவிக்கும்போதே, பாதிக்கப்பட்டவருக்கு நஷ்ட ஈடும் வழக்குச் செலவும் கொடுக்கச் சொல்லி 5-ஆம் பிரிவில் உத்தரவிடலாம். அதை அரசு வக்கீல் மூலம் கேட்க வேண்டும். குற்றவாளியை வீட்டுக்கு அனுப்பும் நீதிமன்றம் ஆஸ்பத்திரிச் செலவு செய்தவரைக் கண்டுகொள்ளாமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்தப் பிரிவு இன்னும் அதிகமாகப் பயன்பட வேண்டும்.

சமூக சேவை என்று புதிதாக ஒரு தண்டனை வந்திருக்கிறதாமே?

ஆம், பிஎன்எஸ்ஸில் இருக்கிறது. 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டில் முதல்முறை சிக்கி, பொருளைத் திருப்பிக் கொடுத்தவர், குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்தவர், அவதூறு வழக்கில் தண்டிக்கப்பட்டவர் போன்ற சில பேருக்கு மட்டும்.

பாலியல் வன்முறையில் பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிட்டால் என்ன ஆகும்?

குற்றம். பிஎன்எஸ் 72-ஆம் பிரிவு மத்திய சட்டத்தில் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் சொல்கிறது. குழந்தை என்றால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்ஸோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவும் சேர்ந்துகொள்ளும்.

பெயரை மட்டும் மறைத்தால் போதும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. "இன்ன கிராமத்தில் பஸ் நிறுத்தம் அருகே பெட்டிக்கடை வைத்திருப்பவரின் இரண்டாவது மகள், அரசுப் பள்ளியில் 9-ஆம் வகுப்பு" என்று எழுதினால் பெயர் எதற்கு? சென்னையில் படிப்பவருக்கு அது யாரோ ஒரு சிறுமி. அந்த ஊருக்கு அது ஒரே ஒரு சிறுமி. அதனால்தான் போக்ஸோ சட்டம் பெயர், முகவரி, புகைப்படத்தோடு குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி எல்லாவற்றையும் தடை செய்கிறது. 2018 டிசம்பரில் நிபுண் சக்ஸேனா வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது: மிகத் தொலைவான வழியில்கூட அடையாளம் தெரியும்படியான எந்தத் தகவலும் வரக் கூடாது.

வாட்ஸ்அப்பில் வந்ததை ஃபார்வர்டு செய்தேன், அவ்வளவுதான். நானுமா?

சட்டம் அச்சிடுவது, வெளியிடுவது என்று சொல்கிறது. பத்திரிகைக்காரர் மட்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை. "நீதி வேண்டும்" என்ற வாசகத்தோடு அந்தப் பெண்ணின் படத்தைப் பகிர்பவர்களும் இதில் மாட்டலாம். நல்ல எண்ணம் ஒரு தற்காப்பு ஆகாது. உங்களுக்கு வந்திருந்தால் அழித்துவிடுங்கள், அனுப்பியவருக்கும் சொல்லுங்கள். ஆபாசப் படமோ வீடியோவோ பரவினால், புகார் கொடுத்ததும் குறுகிய நேரத்துக்குள் சமூக வலைத்தள நிறுவனம் அதை நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கும் சைபர் கிரைம் போலீசுக்கும் ஒரே நாளில் புகார் கொடுங்கள்.

போலீசே வெளியிட்டால்?

நடந்திருக்கிறது, தமிழ்நாட்டிலேயே இரண்டு முறை ஊரறிய நடந்திருக்கிறது. 2019-இல், பெண்கள் பலர் பாலியல் வன்முறைக்கு ஆளான பொள்ளாச்சி வழக்கில் காவல் அதிகாரி ஒருவர் செய்தியாளர்களிடம் பாதிக்கப்பட்டவரின் பெயரைச் சொன்னார். பிறகு வழக்கை சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலும் அடையாளம் தெரியும் விவரங்கள் இருந்தன. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவருக்கு எதிராக நடந்த பாலியல் குற்றத்தில் எஃப்ஐஆரே இணையத்தில் வெளியாகிவிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட சிறப்புக் குழுவை அமைத்து, அந்த மாணவிக்கு 25 லட்சம் இடைக்கால இழப்பீடு தர உத்தரவிட்டது.

பொதுவாக எஃப்ஐஆர் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற உத்தரவு. பாலியல் குற்றங்களும் போக்ஸோ வழக்குகளும் அதற்கு விலக்கு. அதனால் புகார் கொடுக்கும் அன்றே ஸ்டேஷனில் "இது இணையத்தில் ஏறாது அல்லவா?" என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பொள்ளாச்சியில் பெயர் வெளியானதும் மற்றப் பெண்கள் புகார் தர எவ்வளவு அஞ்சியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பெயரைச் சொல்வது அடுத்த பத்துப் பேரின் வாயை அடைக்கும். 2025 மே மாதம் அந்த வழக்கில் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பு வந்ததற்கு, அந்த அச்சத்தையும் தாண்டி வந்து சாட்சி சொன்ன பெண்கள்தான் காரணம்.

பாதிக்கப்பட்டவரே தன் பெயரைச் சொல்ல விரும்பினால்?

வயது வந்தவர் என்றால் அது அவர் உரிமை. அவர் எழுத்தில் அனுமதி தரலாம். இறந்துபோனவர் அல்லது மனநலம் குன்றியவர் என்றால், குடும்பத்தார் சரி என்றாலும் போதாது. செஷன்ஸ் நீதிபதி முடிவு செய்ய வேண்டும். குழந்தை என்றால், குழந்தையின் நலனுக்காக என்று சிறப்பு நீதிமன்றம் எழுத்தில் அனுமதித்தால் மட்டுமே.

போக்ஸோ வழக்கில் குழந்தையை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போக வேண்டுமா?

தேவையில்லை. வீட்டிலோ குழந்தைக்குப் பிடித்த இடத்திலோ வாக்குமூலம் வாங்க வேண்டும். முடிந்தவரை எஸ்ஐ பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல். நீதிமன்ற விசாரணையும் மூடிய அறையில்தான். குற்றம் சாட்டப்பட்டவரின் முகத்தைக் குழந்தை பார்க்க வேண்டியதில்லை.

குற்றம் சாட்டப்பட்டவன் ஜாமீனில் வெளியே வந்தால் எங்களுக்குச் சொல்வார்களா?

வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கில் சொல்லியாக வேண்டும்; 15ஏ பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுமிக்கு எதிரான பாலியல் வன்கொடுமையில், ஜாமீன் விசாரணையின்போது புகார்தாரர் தரப்பு அங்கே இருப்பதைச் சட்டம் கட்டாயமாக்குகிறது. மற்ற வழக்குகளில் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் போலீஸ் தெரிவிக்க வேண்டும் என்று பிஎன்எஸ்எஸ் 193 சொல்கிறதே தவிர, சிறைக் கதவு திறக்கும் நாளைச் சொல்லும் ஏற்பாடு அதில் இல்லை. பக்கத்துத் தெருவில் திடீரென்று அவனைப் பார்த்துத்தான் விஷயம் தெரிய வேண்டும் என்பது கொடுமை. ஒரு குறுஞ்செய்தியில் முடியக்கூடிய இந்த வேலைக்கு மாநில அரசே விதி செய்யலாம். சிறை நிர்வாகம் அதன் கையில்தானே இருக்கிறது.

சிறை மாநில அரசின் கையிலா? சட்டம் மத்திய சட்டம் என்கிறார்களே?

அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் சிறை மாநிலப் பட்டியலில்தான் இருக்கிறது. ஆனால் அடிப்படைச் சட்டம் இன்னும் வெள்ளைக்காரன் காலத்து 1894-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் மேல் தமிழ்நாட்டின் 1983-ஆம் ஆண்டுச் சிறை விதிகள் நிற்கின்றன. 2023-இல் மத்திய அரசு ஒரு மாதிரிச் சட்டத்தை மாநிலங்களுக்கு அனுப்பியது. இங்கே புழல், வேலூர், கடலூர், திருச்சி, சேலம், கோவை, மதுரை, பாளையங்கோட்டை என மத்திய சிறைகள் இருக்கின்றன. புழலில் மட்டும் தண்டனைக் கைதிகளுக்கு ஒன்று, விசாரணைக் கைதிகளுக்கு ஒன்று.

பரோல் எப்படிக் கிடைக்கும்?

தமிழ்நாட்டில் இதற்கான விதி 1982-ஆம் ஆண்டுத் தண்டனை நிறுத்தி வைப்பு விதிகள். விதியில் உள்ள பெயர் விடுப்பு. அவசர விடுப்பு, நெருங்கிய உறவில் சாவு, கடும் நோய், கல்யாணம் போன்றவற்றுக்கு. சாதாரண விடுப்புக்கு 3 ஆண்டு சிறையில் கழித்திருக்க வேண்டும். அதற்கும் நன்னடத்தை அலுவலரின் விசாரணை உண்டு. மனுவைச் சிறைக் கண்காணிப்பாளருக்குக் கொடுக்க வேண்டும். மனு பார்க்கப் போகும்போது (சிறையில் இருப்பவரைச் சந்திக்கப் போவதை அப்படித்தான் சொல்வார்கள்) கையில் மருத்துவச் சான்றோ கல்யாணப் பத்திரிகையோ கொண்டு போங்கள். வழிக்காவலுடன் அனுப்புவதா இல்லாமலா என்பதை அதிகாரிகள் முடிவு செய்வார்கள். பதிலே வராவிட்டால் உயர் நீதிமன்றத்தில் மனு போடலாம். தாய்மாரும் மனைவிமாரும் அப்படிப் போட்டு வாங்கிய உத்தரவுகள் ஏராளம்.

விசாரணைக் கைதியாகவே வருடக்கணக்கில் கிடக்கிறார். வழி இல்லையா?

பிஎன்எஸ்எஸ் 479. அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தை உள்ளேயே கழித்துவிட்டால் ஜாமீன். இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கே போதும். மரண, ஆயுள் தண்டனை வழக்குகளுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. இதில் நல்ல விஷயம், காலம் முடிந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தேதியை நீங்களே கணக்குப் போட்டுக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் நினைவூட்டுங்கள்.

சிறையில் சாதி பார்க்கிறார்களா?

2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை வெளிப்படையாகப் பேசியது. சாதி பார்த்து வேலை கொடுப்பதையும் அறை பிரிப்பதையும் அரசமைப்புக்கு எதிரானது என்று ரத்து செய்து, விதிகளைத் திருத்த மாநிலங்களுக்கு 3 மாதம் கொடுத்தது. பாளையங்கோட்டைச் சிறையும் அந்தத் தீர்ப்பில் வருகிறது. மோதலைத் தவிர்க்கத்தான் சாதிவாரியாகப் பிரிக்கிறோம் என்ற வாதத்தை முன்பு சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றிருந்தது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சாதியைச் சொல்லிக் கழிவறை கழுவச் சொன்னாலோ அறை மாற்றினாலோ இன்று அது உச்ச நீதிமன்றத் தீர்ப்பை மீறும் செயல்.

உள்ளே அடித்தால், வேலை வாங்கினால் யாரிடம் சொல்வது?

மனு பார்க்கும்போது உடம்பைக் கவனியுங்கள். நடையில் மாற்றம் தெரிந்தால் அன்றே மாவட்ட நீதிபதிக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதுங்கள். 2024-இல் வேலூர் மத்திய சிறையில் ஆயுள் கைதி ஒருவரை அதிகாரியின் வீட்டு வேலைக்குப் பயன்படுத்தி, திருடிவிட்டார் என்று சொல்லி அடித்துத் தனியறையில் அடைத்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அவருடைய தாய் உயர் நீதிமன்றத்தில் போட்ட மனுதான் அதை வெளியே கொண்டுவந்தது. மாநிலக் காவல்துறையின் புலனாய்வுப் பிரிவான சிபிசிஐடி வழக்குப் பதிந்தது.

வக்கீல் வைக்க வசதி இல்லை.

பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் கிடைக்கும். ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தொலைபேசி 15100. பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்பதற்கும் அதே ஆணைக்குழுவிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். குற்றவாளி யாரென்று தெரியாத வழக்கிலும் பிஎன்எஸ்எஸ் 396-இன் கீழ் இழப்பீடு கேட்கலாம். எஃப்ஐஆர் நகல், மருத்துவச் சான்று, ஆதார், வங்கிப் புத்தக நகல் இவற்றோடு போனால் அலைச்சல் குறையும்.